ஜந்துவால் என்ன முடியாது என்பதிலிருந்து ஆரம்பியுங்கள்

குறும்படங்களுக்கும் சின்ன பட்ஜெட் படங்களுக்கும் ஒலி வடிவமைப்பு செய்வது என் தொழில். கிரியேச்சர் ஹாரர், அதாவது ஏதோ ஒரு ஜந்து வந்து மிரட்டும் திகில் படம், எடுத்துவிட்டு ஹார்ட் டிஸ்க்கோடு வருகிறவர்கள் எல்லோரும் சொல்லிவைத்த மாதிரி ஒன்றைத்தான் கேட்பார்கள்: "அண்ணா, பயங்கரமா ஒரு சத்தம் போட்டுக் குடுங்க." நான் திருப்பிக் கேட்பேன்: "அதுக்குக் காது கேட்குமா?" பெரும்பாலும் பதில் வராது. அந்தப் பதில் இல்லாத படத்தில் எந்த உறுமலைப் போட்டாலும் அது வெறும் உறுமல்தான். அதனால், என் மேஜைக்கு வருவதற்கு முன்பே, திரைக்கதை எழுதும்போது செய்ய வேண்டியவற்றை இங்கே சொல்கிறேன். பல படங்களின் முக்கியத் திருப்பங்கள் வெளியே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு தாளை எடுத்து, ஜந்துவால் என்னென்ன முடியாது என்று எழுதுங்கள். எத்தனை பல், எவ்வளவு வேகம் என்பதெல்லாம் அப்புறம். 'எ கொயட் பிளேஸ்' (2018) படத்தில் வருகிற ஜந்துக்களுக்குப் பார்வை கிடையாது, காதை வைத்துத்தான் வேட்டை. இந்த ஒரு குறைதான் படத்தின் பாதிக் காட்சிகளை எழுதிக்கொடுக்கிறது. குடும்பம் மணல் கொட்டிய பாதையில் வெறுங்காலோடு நடக்கிறது, சைகையில் பேசிக்கொள்கிறது, பிறக்கப்போகும் குழந்தை அழுமே என்று பெட்டி செய்து வைக்கிறது.

அதில் வரும் ஆணிக் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். கர்ப்பிணித் தாய் நிலவறைப் படியில் துணிமூட்டையை இழுத்துக்கொண்டு ஏறுகிறாள். மூட்டை எதிலோ மாட்டுகிறது, வெடுக்கென்று இழுக்கிறாள், ஒரு ஆணி நிமிர்ந்து நிற்கிறது. அவள் கவனிக்கவில்லை, நாம் பார்த்துவிட்டோம். அதற்கப்புறம் அந்தப் படியில் யார் கால் வைக்கப்போனாலும் நமக்குத்தான் பதறுகிறது. பிரசவ வலியோடு இறங்கி வரும்போது அவளே அதன்மேல் காலை வைக்கிறாள். கத்தக் கூடாது. கையிலிருந்த படச்சட்டம் விழுந்து உடைகிறது. அந்த ஆணி ஏறும்போது ஜந்து ஃப்ரேமிலேயே இல்லை. கிராஃபிக்ஸும் இல்லை, செலவு ஒரு ஆணி.

விதி வைத்தால் அதில் ஒரு வாசலும் வையுங்கள். அதே படத்தில் அப்பா மகனை அருவிக்குக் கூட்டிப்போகிறார். நீர் விழும் இரைச்சலில் மனிதக் குரல் அமுங்கிவிடும், அங்கே வாய்விட்டுக் கத்தலாம். பார்ப்பவர் அங்கேதான் மூச்சு விடுகிறார். மூச்சு விடாதவரை அடுத்து பயமுறுத்த முடியாது.

விதியை நடுவில் மாற்றக் கூடாது என்பதை மட்டும் கல்லில் வெட்டி வையுங்கள். எனக்கு வரும் படங்களில் பாதி கிளைமாக்ஸில்தான் கவிழ்கின்றன. அதுவரை தண்ணீரில் மட்டும் வந்த ஜந்து கடைசியில் மொட்டை மாடிக்கு ஏறிவரும். கேட்டால், "அது எவால்வ் ஆயிடுச்சு" என்பார்கள். 'தும்பாட்' (2018) இந்தியிலேயே இதைச் சரியாகச் செய்து காட்டியிருக்கிறது. மாவுப் பொம்மையைக் காட்டினால் அந்தப் படத்தின் ஜந்துவான ஹஸ்தர் பசியோடு அதன்மேல் பாய்வான், அந்த நேரத்தில் அவன் இடுப்பிலிருந்து பொற்காசுகளை உதிர்க்கலாம், தரையில் போட்ட மாவு வட்டத்தை அவனால் தாண்ட முடியாது. கடைசிவரை இவ்வளவுதான் விதி. அப்பனும் மகனும் பேராசையில் பொம்மைகளை அள்ளிக்கொண்டு இறங்குகிறார்கள். பொம்மைக்கு ஒரு ஹஸ்தர் வந்து நிற்கிறான். விதி மாறவில்லை, மனுஷன்தான் மாட்டிக்கொண்டான்.

அடுத்தது இடம். முடியாதவற்றின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு இடத்தைத் தேடுங்கள். 'கிரால்' (2019) இதற்கு நல்ல பாடம். புளோரிடாவில் சூறாவளி, வீட்டின் தரைக்கு அடியில் தவழ்ந்து மட்டுமே போகக்கூடிய ஒரு இடுக்கு, அதற்குள் முதலைகள் (சரியாகச் சொன்னால் அலிகேட்டர்கள்). குழாய்கள் நெருக்கமாக ஓடும் ஒரு மூலைக்குள் அவற்றின் உடம்பு நுழையாது, காயம்பட்ட அப்பாவும் மகளும் அங்கே ஒதுங்குகிறார்கள். ஆனால் வெள்ளம் ஏறிக்கொண்டே வருகிறது. தப்பிக்க வைத்த மூலையே மூழ்கடிக்கப்போகிறது. மகள் நீச்சல் வீராங்கனை என்பதைப் படம் முதல் காட்சியிலேயே காட்டிவிடுகிறது, அதனால் பின்னால் அவள் முதலையோடு போட்டி போட்டு நீந்தும்போது நமக்கு உறுத்துவதில்லை. ஒன்றரை மணி நேரம்கூட ஓடாத படம். யாரும் ஜந்து எங்கிருந்து வந்தது என்று பத்து நிமிஷம் விளக்கிக்கொண்டிருக்கவில்லை. அந்த ஆய்வகக் காட்சியை நீங்களும் எழுதி வைத்திருந்தால் தூக்கிவிடுங்கள்.

ஜந்துவைக் காட்ட வேண்டுமா, மறைக்க வேண்டுமா என்று எப்போதும் ஒரு சண்டை ஓடும். 'ஜாஸ்' (1975) எடுத்தபோது இயந்திரச் சுறா கடல் தண்ணீரில் மக்கர் பண்ணியது, அதனால்தான் ஸ்பீல்பெர்க் மறைத்தார் என்ற கதையைச் சொல்லாத சினிமாக்காரர் இல்லை. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அந்த மஞ்சள் பீப்பாய்கள். சுறாவின் உடம்பில் ஈட்டியோடு பீப்பாயைக் கட்டிவிட்டதும், கேமராவுக்கு வெறும் பீப்பாய் போதும். அது நகர்ந்தால் சுறா வருகிறது, முங்கினால் சுறா அடியில் போய்விட்டது. 'நோப்' (2022) இதையே வானத்துக்குக் கொண்டுபோனது. பறக்கும் ஜந்து கலர் கொடித் தோரணம் ஒன்றை விழுங்கித் தொலைக்கிறது, மேகத்துக்குள் அது ஒளிந்தாலும் தோரணத்தின் வால் வெளியே தொங்குகிறது. அது அருகில் வந்தால் மின்சாரம் போய்விடும் என்பதால், மைதானம் முழுக்கக் காற்றடைத்த ஆடும் பொம்மைகளை நட்டு வைக்கிறார்கள். எந்தப் பொம்மை துவண்டு விழுகிறதோ அங்கே அது இருக்கிறது. உங்கள் ஜந்துவுக்கும் இப்படி ஒரு எடுபிடியைக் கண்டுபிடியுங்கள். கொலுசு, தகரம், தண்ணீர்க் குழாய், எதுவானாலும் சரி.

முழுதாகக் காட்டுவதும் தப்பில்லை. கொரியப் படமான 'தி ஹோஸ்ட்' (2006) தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே, பட்டப்பகலில், ஹான் ஆற்றங்கரையில் ஜந்துவை ஓடவிடுகிறது. முதலில் பாலத்தின் அடியில் தொங்கும்போது ஜனங்கள் வேடிக்கை பார்த்துத் தின்பண்டம் வீசுகிறார்கள். அது கரையேறி ஓடிவரும்போது அந்த வேடிக்கைதான் வயிற்றைக் கலக்குகிறது. இருட்டில் மறைப்பது ஒரு வழி, வெளிச்சத்தில் ஏமாற்றுவது இன்னொரு வழி. அரைகுறை இருட்டில் அரைகுறையாகக் காட்டுவதுதான் வேலைக்கு ஆகாது.

இனி என் இலாகா. சத்தத்தை வாயிலிருந்து ஆரம்பிக்காதீர்கள், மூச்சிலிருந்து ஆரம்பியுங்கள். எலி படபடவென்று மூச்சு விடும், யானை நிதானமாக விடும். ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே இருக்கும் இடைவெளிதான் ஜந்துவின் அளவைக் காதுக்குச் சொல்கிறது. உங்கள் மூச்சையே மைக்குக்குப் பக்கத்தில் பதிவு செய்து, வேகத்தைப் பாதியாகக் குறைத்துக் கேளுங்கள். ஆள் யாரென்றே தெரியாது. அப்புறம் அதன் அடியில் ஈரமான ஏதாவது ஒன்றைச் சேருங்கள், ஊறவைத்த துணியைப் பிழிவது போல.

ஒலி நூலகத்தில் கிடைக்கிற புலி உறுமலை அப்படியே போடாதீர்கள். அது எல்லோர் காதுக்கும் பழகிய புலி. 1954-இல் காட்ஸில்லாவின் கர்ஜனைக்கு இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபே டபுள் பேஸ் என்ற பெரிய வயலின் மாதிரி வாத்தியத்தின் தந்தியைத் தோல் கையுறையால் உரசினார். 'எ கொயட் பிளேஸ்' ஜந்துக்களின் டக்டக் ஒலிக்கு மின்அதிர்ச்சித் துப்பாக்கியைத் திராட்சைப் பழத்தில் வைத்துப் பதிவு செய்தார்கள். காது அதை எங்கோ கேட்ட மாதிரி உணர வேண்டும், பெயர் சொல்ல முடியக் கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலே நான் வைப்பது 'அனைஹிலேஷன்' (2018) கரடியை. மூன்று பெண்கள் நாற்காலியில் கட்டப்பட்டிருக்கிறார்கள், இருட்டிலிருந்து அது உள்ளே வருகிறது, வாயைத் திறக்கிறது. வருவது அது கொன்ற தோழியின் குரல், உதவி கேட்டுக் கதறும் குரல். பல்லும் மண்டையோடும் தெரிகிற அந்த முகத்தைவிட அந்தக் குரல்தான் வீடுவரை கூட வந்தது.

நிசப்தத்தை யாரும் சும்மா போட முடியாது, செய்ய வேண்டும். எல்லா ட்ராக்கையும் (தனித்தனி ஒலி அடுக்குகளை) சட்டென்று ம்யூட் செய்தால், பார்ப்பவர் ஸ்பீக்கர் போச்சு என்று நினைப்பார். நான் செய்வது இதுதான்: இரவுக் காட்சிக்குப் பூச்சிகள், காற்று, தூரத்து நாய், வீட்டுக்குள் ஃப்ரிட்ஜ் ரீங்காரம் என்று தனித்தனி ட்ராக்காகப் போட்டு வைப்பேன். ஜந்து வருவதற்கு அரை நிமிஷம் முன்பிருந்தே ஒவ்வொன்றாக இறக்குவேன். முதலில் பக்கத்துப் பூச்சி, பிறகு நாய், பிறகு காற்று. ஃப்ரிட்ஜ் மட்டும் ஓடும். என்ன நின்றது என்று யாராலும் சொல்ல முடியாது, ஆனால் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள். இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: அந்த இடத்தில் பின்னணி இசை இருக்கக் கூடாது. இசையமைப்பாளரிடம் இதை முன்கூட்டியே பேசிவிடுங்கள், எல்லா ஒலியையும் ஒன்றாகக் கலக்கும் மிக்ஸிங்கில் வைத்துச் சண்டை போடுவது எனக்குக் கட்டுப்படியாகாது.

பட்ஜெட் பற்றிப் புலம்புகிறவர்களுக்கு ஒரு தகவல். ஆஸ்கர் வாங்கிய 'காட்ஸில்லா மைனஸ் ஒன்' (2023) கிராஃபிக்ஸைச் செய்தவர்கள் 35 பேர், ஷாட்கள் 610. இயக்குநர் தகாஷி யமசாகியே அதன் கிராஃபிக்ஸ் மேற்பார்வையாளர். எந்த ஷாட் தேவை, எது தேவையில்லை என்று அந்த ஒரே ஆளுக்குத் தெரிந்திருந்தது.

படத்தை என்னிடம் கொண்டுவருவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். கதை தெரியாத ஒருவரை உட்காரவைத்து, பயமுறுத்த வேண்டிய காட்சியைச் சத்தமே இல்லாமல் போட்டுக் காட்டுங்கள். அப்புறம் படத்தை மறைத்துச் சத்தத்தை மட்டும் போடுங்கள். இரண்டிலும் ஜந்து எங்கே இருக்கிறது என்று அவரால் கை காட்ட முடிந்தால் காட்சி நிற்கிறது. ஒன்றில் மட்டும் முடிந்தால் அங்கே வேலை பாக்கி. இரண்டிலும் முடியவில்லை என்றால் திரைக்கதைக்குத் திரும்பிப் போங்கள்.

கடைசியாக, அந்த முட்டை ஷாட். ஜந்து செத்த பிறகு, ஓரத்தில் ஒரு முட்டை விரிசல் விடுவதைக் காட்டி முடிப்பது. அதற்கு நொறுங்கும் சத்தம் போட்டுக் கொடுத்து எனக்கே சலித்துவிட்டது. 'எ கொயட் பிளேஸ்' முடிகிற இடத்தைப் பாருங்கள்: ஜந்துவை எப்படிக் கொல்வது என்று அம்மாவுக்கும் மகளுக்கும் புரிந்துவிட்டது, மற்ற ஜந்துக்கள் ஓடிவருகின்றன, அம்மா துப்பாக்கியை லோடு செய்கிறாள், கட். சண்டையே இல்லை. உங்கள் டைம்லைனில் முட்டைக்கு முந்தைய கட்டில் நிறுத்தி ஒரு பிரதி எடுத்து, இரண்டையும் அனுப்புங்கள். எதை மிக்ஸ் செய்வது என்று பேசி முடிவு செய்யலாம்.