768 எம்.பி. வீட்டில் ஜாவா: பகிர்வு ஹோஸ்டிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் கோத்தகிரியிலிருந்து ஓர் இளைஞர் மடிக்கணினியோடு குன்னூருக்கு வந்து என் வீட்டுக் கதவைத் தட்டினார். வெளியே மூடுபனி. கம்பளிக் குல்லாயைக்கூடக் கழற்றாமல் திரையைத் திருப்பிக் காட்டினார். ஏழெட்டு ஹோம்ஸ்டே வீடுகளுக்காக எழுதிய அறை முன்பதிவுச் செயலி. ஜாவாவின் ஸ்பிரிங் பூட் கட்டமைப்பில் ஒழுங்காகத்தான் எழுதியிருந்தார்.

"வார நாள்களில் நன்றாக ஓடுகிறது, அண்ணா. சனிக்கிழமை கூட்டம் ஏறினால் நின்றுவிடுகிறது. ஹீப்பை இரண்டு முறை ஏற்றியும் பார்த்துவிட்டேன்" என்றார்.

ஹீப் என்பது ஜாவா செயலி தன் தரவை வைத்துக்கொள்ளும் நினைவகப் பகுதி. அந்தக் கடைசி வாக்கியம் இல்லையென்றால் இதை எழுதியிருக்க மாட்டேன். அதே வாக்கியத்தை நானும் ஒரு காலத்தில் பெருமையாகச் சொல்லித் திரிந்திருக்கிறேன்.

கடவுச்சொல்லை நிரலிலேயே எழுதிவைப்பது, காப்புப்பிரதி எடுக்காமல் இருப்பது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அவை எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் செய்கிறவர்கள் பட்டுத்தான் திருந்துவார்கள்.

"ஜாவா உண்டு" என்ற விளம்பரத்தை நம்புவது

பகிர்வு ஹோஸ்டிங் என்பது ஒரே சர்வரில் நூற்றுக்கணக்கானவர்களைக் குடிவைக்கும் ஏற்பாடு. அது பி.எச்.பி.க்காகவே வளர்ந்தது. பி.எச்.பி. டீக்கடையில் நின்றபடி குடித்துவிட்டுப் போகிறவரைப் போல. கோரிக்கை வரும், வேலை முடியும், பிடித்திருந்த நினைவகம் திரும்பிவிடும். ஜாவா அப்படியில்லை. ஆள் வந்தாலும் வராவிட்டாலும், ஜாவா நிரலை ஓட்டும் ஜே.வி.எம். நாள் முழுக்க மேசையைப் பிடித்து உட்கார்ந்திருக்கும். கடைக்காரர் முகம் சுளிக்கத்தான் செய்வார்.

ஆகவே பணம் கட்டுவதற்கு முன் கேளுங்கள்: எனக்கென்று தனி ஜே.வி.எம். உண்டா, அல்லது ஜாவா வலைச்செயலிகளை ஓட்டும் சர்வர் மென்பொருளான டாம்கேட் எல்லோருக்கும் ஒன்றுதானா? பொது டாம்கேட் என்றால் பக்கத்து வீட்டுக்காரரின் நினைவகக் கசிவில் உங்கள் செயலியும் சேர்ந்து விழும். அதைத் திரும்ப எழுப்புவதும் உங்கள் கையில் இருக்காது. எந்தப் பதிப்பு என்றும் கேளுங்கள். ஸ்பிரிங் பூட் 3-க்குக் குறைந்தது ஜாவா 17 வேண்டும். டாம்கேட் 9-க்கு எழுதிய செயலி 10-இல் அப்படியே ஓடாது. ஜாவாஎக்ஸ் என்று தொடங்கிய பொதிப்பெயர்கள் அங்கே ஜகார்த்தா ஆகிவிட்டன.

ஹீப்பை ஏற்றுவது

பத்து ஆண்டுகளுக்கு முன், இந்தப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றுக்கு எடைப் பதிவுச் செயலி எழுதிக் கொடுத்தேன். சிறு விவசாயிகள் பறித்த பச்சை இலை பிற்பகலில் சாக்குச் சாக்காக வரும். எடை போட்டதும் விவசாயியின் பெயரில் பதிவாகிக் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி போகும். தொழிற்சாலையிடம் ஏற்கெனவே ஒரு பகிர்வு ஹோஸ்டிங் கணக்கு இருந்தது. நிறுவனத்தின் வேர்ட்பிரஸ் தளம் அதில்தான் ஓடியது. "இதிலேயே போட்டுவிடலாமே" என்றேன். சொன்னது நான்தான், வேறு யாரும் வற்புறுத்தவில்லை.

கணக்குக்கு நினைவக வரம்பு 768 எம்.பி. ஹீப்பின் உச்சத்தை 512 என்று வைத்தேன். மீதி தாராளமாக இருக்கிறது என்று நினைப்பு. மழை விட்டு வெயில் அடித்து இலை வரத்து ஏறியதும் பிற்பகல் மூன்று மணிவாக்கில் செயலி காணாமல் போகத் தொடங்கியது. பிழைச் செய்தி இல்லை. லாக் கோப்பில் கடைசி வரி ஏதோ ஒரு விவசாயியின் எடை, அதோடு சரி. நினைவகம் போதவில்லை என்று ஊகித்து 576 ஆக்கினேன். முன்பு இரண்டு நாளைக்கு ஒரு முறை விழுந்தது, இப்போது தினமும் விழுந்தது. 640 ஆக்கினேன். தினமும் இரண்டு முறை. உதவி மையத்தைக் கேட்டால் ஒவ்வொரு முறையும் ஒரே பதில்: "உங்கள் நிரலைச் சரிபாருங்கள்." மூன்று வாரம் சரிபார்த்தேன்.

நடந்தது இதுதான். ஹீப் என்பது ஜே.வி.எம். பிடிக்கும் நினைவகத்தில் ஒரு பகுதி மட்டுமே. வகுப்புகளின் விவரங்கள் மெட்டாஸ்பேஸில் இருக்கும். ஸ்பிரிங்கும், தரவுத்தளத்தோடு பேசும் ஹைபர்நேட்டும் சேர்ந்தால் அது எளிதில் 100 எம்.பி.யைத் தாண்டும். தொகுக்கப்பட்ட நிரலுக்குத் தனி இடம். ஒரே நேரத்தில் பல வேலைகளைக் கவனிக்க ஜே.வி.எம். வைத்திருக்கும் வேலை இழைகள்தான் த்ரெட்டுகள். 64 பிட் லினக்ஸில் ஒவ்வொரு த்ரெட்டின் அடுக்குக்கும் 1 எம்.பி. வரை ஒதுக்கீடு, டாம்கேட் இயல்பாக 200 த்ரெட் வரை போகும். இவையெல்லாம் 512-க்கு வெளியே. அதற்கும் மேல் வேர்ட்பிரஸின் பி.எச்.பி. செயல்முறைகளும் அதே 768-இல்தான் பங்கு கேட்டன.

வரம்பைத் தாண்டினால் இயங்குதளம் வாய் திறக்காமல் செயல்முறையை வெட்டிவிடும். ஜாவாவுக்குத் தானாக ஹீப் தீர்ந்தால், எங்கே ஏன் விழுந்தது என்று லாக்கில் எழுதிவைக்கும். வெளியிலிருந்து வெட்டினால் எழுத நேரமேது? இயங்குதளத்தின் மையமான கர்னல் தன் பதிவில் குறித்திருக்கலாம். பகிர்வு ஹோஸ்டிங்கில் அந்தப் பதிவைப் பார்க்க நமக்கு அனுமதி இல்லை. தடயம் முழுக்கப் பூட்டிய அறைக்குள். வெளியே நின்று நான் என் நிரலைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

ஹீப்பை ஏற்ற ஏற்ற ஏன் சீக்கிரம் விழுந்தது? உச்சம் உயர்ந்தால் ஜே.வி.எம். பயன் முடிந்த தரவுக் குப்பையைக் கூட்டுவதில் சோம்பல் காட்டும். இடம் இருக்கிறதே என்று வளர்ந்துகொண்டே போகும். நான் அதற்கு இல்லாத நிலத்துக்குப் பட்டா எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

செலவு என்னவென்றால், எடைகளைப் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை மொத்தமாகத் தரவுத்தளத்தில் சேர்க்கும்படி எழுதியிருந்தேன். வேகமாக இருக்கும் என்ற கெட்டிக்காரத்தனம். ஒவ்வொரு வெட்டிலும் பத்து நிமிட இலை காற்றில் போனது. மாதக் கணக்கு முடிக்கும்போது விவசாயிகள் தங்கள் கைச்சீட்டுகளோடு வந்து நின்றார்கள். தொழிற்சாலை எழுத்தரும் நானும் மூன்று இரவு உட்கார்ந்து சீட்டுகளின் நகல்களைப் பார்த்து ஒவ்வொன்றாகத் தட்டினோம். அவர் என்னைத் திட்டவில்லை. இடையிடையே கட்டன் காப்பி போட்டுக் கொடுத்தார். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

தீர்வு எதிர்த்திசையில் இருந்தது. ஹீப்பை 320-க்கு இறக்கினேன். த்ரெட்டுகளை 25 ஆக்கினேன். தரவுத்தள இணைப்புகளை 5 ஆக்கினேன். அன்றிலிருந்து பிற்பகல் மூன்று மணிக்கு எதுவும் விழவில்லை. ஒரு முறை மாத அறிக்கையை எடுத்தபோது ஹீப் போதாமல் பிழை வந்தது. ஆனால் லாக்கில் வரி எண்ணோடு வந்தது. அரை மணி நேரத்தில் சரிசெய்தேன்.

கணக்கு போடும் முறை இதுதான்: வரம்பில் பாதிக்கும் கீழே ஹீப்பை வையுங்கள், ஏற்றுவதென்றால் அளந்து பார்த்த பிறகு ஏற்றுங்கள். உச்சம் எதையும் குறிப்பிடாமல் விடுவது இதைவிட மோசம். பொதுவாக ஜே.வி.எம். கணினியின் மொத்த நினைவகத்தில் கால் பங்கைத் தன் உச்சமாக எடுத்துக்கொள்ளும். 64 ஜி.பி. சர்வர் கண்ணில் பட்டால் 16 ஜி.பி. தனக்கே என்று நினைத்துக்கொள்ளும்.

இன்னொரு பொறியும் உண்டு. "அவுட் ஆஃப் மெமரி" என்றே தொடங்கி, புதிய நேட்டிவ் த்ரெட்டை உருவாக்க முடியவில்லை என்று முடியும் பிழை. முதல் பாதியை மட்டும் படித்துவிட்டு ஹீப்பை ஏற்றுவார்கள். அங்கே பெரும்பாலும் இடித்தது கணக்குக்கான செயல்முறை எண்ணிக்கை வரம்பு. லினக்ஸ் அந்த வரம்பில் த்ரெட்டுகளையும் சேர்த்தே எண்ணும்.

டாம்கேட்டின் 8080 போர்ட்டைத் திறந்துதரச் சொல்லிக் கெஞ்சுவது

தரமாட்டார்கள்.

படங்களை டாம்கேட்டின் வெப்ஆப்ஸ் கோப்புறைக்குள் சேமிப்பது

பழைய செயலியை நீக்கிப் புதிய வார் கோப்பை (செயலியின் பொதி) ஏற்றும்போது, அங்கே இருக்கும் செயலியின் கோப்புறை படங்களோடு சேர்ந்து அழியும். இந்தத் தவறை யாரும் இரண்டாவது முறை செய்வதில்லை.

இரவில் செத்துப்போகும் இணைப்பு

காலையில் முதல் ஆள் உள்ளே வந்ததும் பிழை; பக்கத்தைப் புதுப்பித்தால் சரியாகிவிடுகிறது. மை எஸ்கியூஎல் இயல்பாக 28,800 விநாடி, அதாவது எட்டு மணி நேரம், சும்மா கிடக்கும் இணைப்பைத் துண்டித்துவிடும். பகிர்வு ஹோஸ்டிங்கில் அந்த நேரத்தை இன்னும் வெகுவாகக் குறைத்திருப்பார்கள். தரவுத்தள இணைப்புகளைத் திறந்தபடி வைத்திருக்கும் நம் இணைப்புக் குளத்துக்கு அது தெரியாது. ஹிகாரி என்ற இணைப்புக் குளத்தைப் பயன்படுத்தினால் இணைப்பின் ஆயுளைச் சர்வரின் வரம்பைவிடக் குறைவாக வையுங்கள். அதில் இயல்பு 30 நிமிடம். பகிர்வு ஹோஸ்டிங்குக்கு அதுவே நீளமாக இருக்கலாம்.

நிறுத்தாமலே புதுப்பித்துக்கொண்டிருப்பது

ஓடும் டாம்கேட்டில் செயலியைத் திரும்பத் திரும்ப ஏற்றினால் பழைய வகுப்புகள் பல நேரம் நினைவகத்தை விட்டுப் போகாது. நான்கைந்து முறைக்குப் பின் மெட்டாஸ்பேஸ் வீங்கும். முழுதாக நிறுத்தி எழுப்புங்கள்.

சர்வரின் கடிகாரம்

சர்வர் உலகப் பொது நேரமான யு.டி.சி.யில் இருந்தால் நம் காலை 5.30 வரை அதற்கு நேற்றுதான். முதல் பஸ்ஸைப் பிடிக்க விடியலில் அறையைக் காலி செய்கிறவர், கணக்கில் முந்தைய நாளே போய்விட்டவர் ஆவார். ஜே.வி.எம்.மைத் தொடங்கும்போதே ஆசியா/கொல்கத்தா நேரமண்டலத்தைக் கொடுத்துவிடுங்கள்.

அந்த இளைஞரிடம் சிறியதாக ஒரு வி.பி.எஸ். (தனக்கென்று ஒதுக்கிய மெய்நிகர் சர்வர்) எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அங்கேயும் நினைவகம் தீர்ந்தால் வெட்டு விழும். ஆனால் கர்னல் பதிவைத் திறந்து யார் வெட்டினார்கள் என்று பார்த்துக்கொள்ளலாம். மே மாதம் ஊட்டி மலர்க் கண்காட்சிக் கூட்டம் வருவதற்குள் மாறிவிடுகிறேன் என்றார். அதுவரை தாக்குப்பிடிக்க ஹீப்பைக் குறைத்துக் கொடுத்து அனுப்பினேன். நேற்று தொலைபேசியில் அழைத்தார். இரண்டு சனிக்கிழமைகள் விழாமல் ஓடியதாம். "இப்போது கொஞ்சம் ஏற்றிப் பார்க்கட்டுமா, அண்ணா?" என்று கேட்டார்.