பழைய ரீஃபர் டிரெய்லர்: வாங்கும்போதும் ஓட்டும்போதும் பார்க்க வேண்டியவை

அமெரிக்காவில் சொந்தமாக டிரக் ஓட்டும் ஒருவர் பழைய 53 அடி ரீஃபர் டிரெய்லர் (சரக்கைக் குளிரில் வைத்துக் கொண்டுபோகும் பெட்டி) பார்க்கப் போனால், விற்பவர் முதலில் காட்டுவது குளிர்விக்கும் யூனிட்டின் எஞ்சின் ஓடிய மணிக்கணக்கைத்தான். அதைக் கடைசியில் பாருங்கள். பெட்டிக்கு முன்னால் தொங்கும் அந்த யூனிட்டை ரிப்பேர் செய்யலாம், தேவைப்பட்டால் வேறு மாட்டலாம். சுவருக்குள் சூட்டைத் தடுக்க வைத்திருக்கும் ஃபோமில் தண்ணீர் இறங்கிவிட்டால் அதற்கு மருந்தே கிடையாது. நீங்கள் காசு கொடுப்பது பெட்டிக்கு.

1. முதலில் பெட்டி

நல்ல வெயிலில் உள்ளே போய், வெளியிலிருந்து இன்னொருவரைக் கதவுகளைச் சாத்தச் சொல்லுங்கள். கண் இருட்டுக்குப் பழகும்வரை நில்லுங்கள். எங்கே வெளிச்சம் கசிகிறதோ அங்கே சூடும் ஈரமும் நுழையும். பெரும்பாலும் கதவு ரப்பரின் கீழ் மூலைகளில்தான் கசியும். ரப்பர் மாற்றுவது சின்ன வேலை. ஆனால் கதவுச் சட்டமே வளைந்திருந்தால் எத்தனை ரப்பர் மாற்றினாலும் அடைக்காது.

அடுத்து தரை. ஃபோர்க்லிஃப்ட் ஏறி ஏறி, பின்வாசலிலிருந்து முதல் சில அடிக்குள் அலுமினியத் தரையில் விரிசல் விட்டிருக்கும். கழுவும் தண்ணீர் அந்த விரிசல் வழியாகத்தான் ஃபோமுக்குள் போகிறது. அந்த இடத்தில் அழுத்தி மிதித்துப் பாருங்கள், அமுங்கக் கூடாது. உள்சுவரில் முஷ்டியால் தட்டிக்கொண்டே போங்கள். ஓரிடத்தில் மட்டும் சத்தம் மாறினால் அங்கே சுவர்த்தகடு ஃபோமை விட்டுப் பிரிந்திருக்கிறது.

சந்தேகம் தீர ஒரே வழி எடை மேடை. இந்த அளவு ரீஃபர் காலியாகப் பொதுவாக 14,000 முதல் 16,000 பவுண்டு இருக்கும். தயாரிப்பாளர் தரும் காலி எடையைவிட, யூனிட் டீசலைக் கழித்த பிறகும், பல நூறு பவுண்டு கூடுதலாகக் காட்டினால் ஃபோம் நனைந்திருக்க வாய்ப்பு அதிகம். டிரக், டிரெய்லர், சரக்கு எல்லாம் சேர்ந்த மொத்த எடை வரம்பு 80,000 பவுண்டு என்பதால், அந்தத் தண்ணீரைச் சுமக்கும் அளவுக்கு உங்கள் சரக்கு குறையும். அதை வாங்காதீர்கள்.

2. பிறகு யூனிட்

சந்தையில் பெரும்பாலும் இரண்டு பெயர்கள்தான்: தெர்மோ கிங், கேரியர். தெர்மோ கிங் எஸ்பி-210 வகையில் யான்மார் தயாரித்த எஞ்சினும், கேரியர் எக்ஸ்2 வகையில் குபோட்டா எஞ்சினும் இருக்கும். இரண்டுக்கும் பாகங்கள் கிடைக்கும். உங்கள் வழித்தடத்தில் எதற்கு மெக்கானிக் அதிகமோ அதை எடுங்கள்.

யூனிட்டைக் குளிர்ந்த நிலையில், உங்கள் கண்ணெதிரே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் வருவதற்கு முன்பே ஓடிக்கொண்டிருந்தால் அணைத்துவிட்டு, ஆறிய பிறகு மறுபடி பாருங்கள். யூனிட்டின் கதவைத் திறந்து குழாய் இணைப்புகளையும் கம்ப்ரசர் ஷாஃப்ட் பக்கத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கில் தூசி ஒட்டியிருந்தால் அங்கே குளிர்விக்கும் கேஸ் கசிகிறது. பழைய யூனிட்டில் இருப்பது ஆர்-404ஏ என்ற கேஸ். உரிய சான்றிதழ் இல்லாதவர் அதில் கைவைக்கச் சட்டம் இடம் தராது, ஆகவே கசிவு என்றால் கடைச் செலவுதான்.

பிறகு ப்ரீட்ரிப் சோதனையை (யூனிட் தன்னைத்தானே சோதித்துக்கொள்வது) முழுதாக ஓட விடுங்கள், அரை மணி நேரம் பிடிக்கும். அது முடிந்ததும் 0 டிகிரி ஃபாரன்ஹீட் வைத்து, அந்த அளவுக்கு இறங்கிய பின் ஸ்டார்ட்-ஸ்டாப் முறைக்கு (குளிர் போதுமானதும் எஞ்சின் தானே நின்று, தேவைப்படும்போது மறுபடி ஓடும் முறை) மாற்றுங்கள். காலிப் பெட்டியிலும் எஞ்சின் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் ஒன்று கேஸ் குறைவு, இல்லையேல் பெட்டி குளிரைப் பிடிக்கவில்லை. முழுக் குளிரில் ஓடும்போது, திரும்பும் காற்றுக்கும் வெளியேறும் காற்றுக்கும் இடையே இரண்டு மூன்று டிகிரி வித்தியாசம்தான் இருக்கிறது என்றால் யூனிட்டில்தான் கோளாறு.

கலிபோர்னியாவுக்குள் போவதாக இருந்தால் எஞ்சின் தகட்டில் உள்ள மாடல் ஆண்டைப் படியுங்கள். டிரெய்லரின் ஆண்டும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. 7 ஆண்டு கடந்த, அம்மாநிலத்தின் புகைத்துகள் வரம்புக்குள் வராத எஞ்சினுக்கு வடிகட்டி மாட்ட வேண்டும் அல்லது எஞ்சினையே மாற்ற வேண்டும். வெளிமாநில டிரெய்லருக்கும் இதே விதிதான்.

3. சரக்கு ஏற்றும் நாள்

பெட்டியைக் கழுவி ரசீது வாங்குங்கள். நான்கு மூலை வடிகால்களும் அடைக்காமல் இருக்கின்றனவா, கூரையில் ஓடும் துணிக் காற்றுக்குழாய் கிழியாமல் இருக்கிறதா என்று பாருங்கள். கிழிந்தால் காற்று பின்கதவு வரை போகாது, கடைசி பேலட்டுகள் (சரக்கு அடுக்கிய பலகைகள்) சூடாகும்.

கதவைச் சாத்தி முன்கூட்டியே குளிரவிடுங்கள். சரக்கு ஏற்றும் டாக்கில் கதவு திறந்ததும் யூனிட்டை அணைத்துவிடுங்கள். புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். கதவு திறந்திருக்க யூனிட் ஓடினால் வெளியிலிருக்கும் ஈரக்காற்றை உள்ளே இழுக்கும். அந்த ஈரம் யூனிட்டின் குளிர்க்குழாய்க் காயிலில் பனியாக உறையும், காற்றோட்டம் அடைபடும், பயணத்தின் முதல் மணிநேரமே பனியை உருக்கும் டிஃப்ராஸ்டில் போய்விடும்.

ரீஃபர் சரக்கின் குளிரைக் காக்கும். சூடான சரக்கைக் குளிர்விக்கும் வலு அதற்கு இல்லை. அதனால் கையெழுத்துப் போடும் முன் ஊசித் தெர்மாமீட்டரை முன், நடு, பின் பேலட்டுகளில் குத்திப் பாருங்கள். கேட்ட அளவைவிட அதிகமாக இருந்தால் சரக்கு பில்லில் எழுதுங்கள், லோடு பிடித்துக் கொடுத்த தரகருக்கு உடனே போன் போடுங்கள். உள்சுவரில் சரக்கு உயர எல்லையைக் காட்டும் சிவப்புக் கோட்டுக்கு மேல் அடுக்கவோ முன்சுவரில் ஒட்டி வைக்கவோ விடாதீர்கள்.

4. எத்தனை டிகிரி, எந்த முறை

ஐஸ்கிரீம் மைனஸ் 20, மற்ற உறைசரக்கு மைனஸ் 10 முதல் 0, கீரை வகை 34, வாழைப்பழம் 56 முதல் 58. எல்லாம் ஃபாரன்ஹீட். பில்லில் வேறு எண் இருந்தால் அதுவே சட்டம். காய்கறி, பழங்கள் மூச்சுவிட்டுச் சூடு உண்டாக்குபவை, அதனால் யூனிட் நிற்காமல் ஓடும் தொடர் ஓட்டம். உறைசரக்குக்கு ஸ்டார்ட்-ஸ்டாப் போதும், டீசல் மிச்சம்.

5. வழியில்

யூனிட் மணிக்கு அரை முதல் ஒரு கேலன் டீசல் குடிக்கும். டேங்க் பெரும்பாலும் 50 கேலன். பாதிக்குக் கீழே இறங்க விடாதீர்கள். சிவப்புச் சாயம் போட்ட வரியில்லா டீசலை ரீஃபர் டேங்கில் ஊற்றலாம், டிரக் டேங்கில் ஒரு சொட்டுக்கூடக் கூடாது.

தெர்மோ கிங்கில் 63 என்ற அலாரம் வந்தால் எஞ்சின் நின்றுவிட்டது என்று பொருள். டீசல் அளவு, வடிகட்டி, குழாயில் காற்று என்ற வரிசையில் தேடுங்கள். மாற்று ஃப்யூயல் ஃபில்டர், ஒரு செட் பெல்ட், கூலண்ட் எப்போதும் வண்டியில் இருக்கட்டும். நிற்கும் இடமெல்லாம் திரையைப் பார்த்து நேரமும் டிகிரியும் எழுதி வையுங்கள்.

ரீஃபர் பழுதுக்கான காப்பீட்டைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். பொதுவாக, டீசல் தீர்ந்து கெட்ட சரக்குக்குப் பணம் வராது, சர்வீஸ் ரசீது இல்லாவிட்டாலும் இழுத்தடிப்பார்கள். ஆயில் மாற்றிய மணிக்கணக்கு, கழுவிய ரசீது, வெப்பநிலைப் பதிவு மூன்றையும் ஒரே ஃபைலில் குறைந்தது 12 மாதம் வைத்திருங்கள்.