தோட்ட ரயிலுக்குப் பாயின்ட் கட்டுகிறீர்களா? முதலில் சக்கரத்தை அளந்துகொள்ளுங்கள்

திருப்பத்தூர்–கிருஷ்ணகிரி (1905), மொரப்பூர்–தருமபுரி (1906) என இரண்டரை அடி (762 மி.மீ.) அகல ரயில்பாதைகள் ஓடிய மண் இது. அந்த ரயில்களின் சிறு மாதிரியை வீட்டுத் தோட்டத்தில் 45 மி.மீ. அகலத் தண்டவாளத்தில் ஓட்டிப் பார்க்க ஆசைப்படுபவர்கள், கடையில் கிடைக்கிறதே என்று 1:22.5 அளவை (நிஜத்தில் 22.5-இல் ஒரு பங்கு) எடுத்துவிடுகிறார்கள். அது ஒரு மீட்டர் அகலமுள்ள மீட்டர் கேஜ் பாதைக்கான கணக்கு. 762 மி.மீ. பாதைக்கு 1:17தான் பொருந்தும்.

இது தோற்றப் பிழை, வண்டி ஓடிவிடும். பாயின்ட்டில், அதாவது பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில், ஓட விடாத பிழை வேறு: தண்டவாள அகலம் 45 இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, சக்கரத்தை அளக்காமல் விடுவது.

வெர்னியர் காலிப்பரில் இரண்டு அளவு எடுங்கள். ஓர் அச்சின் இரு சக்கரங்களுக்கும் உட்புற இடைவெளி எவ்வளவு? தண்டவாளத்தின் உட்புறம் இறங்கி நிற்கும் சக்கர விளிம்பின் தடிமன் எவ்வளவு? 40 மி.மீ., 1.5 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். இரு பாதைகளின் தண்டவாளங்கள் சந்திக்கும் கூர்முனைதான் கிராசிங் மூக்கு. சக்கரம் அதில் முட்டாதபடி எதிர்ப்பக்கத் தண்டவாளத்தின் உட்புறம் போடும் துண்டு செக் ரயில். செக் ரயிலில் சக்கரம் உரசும் முகத்திலிருந்து மூக்கு வரை குறைந்தது 41.5 இருக்க வேண்டும். குறைந்தால் எதிர்ச்சக்கரம் மூக்கில் முட்டும். செக் ரயிலிலிருந்து விங் ரயில் (மூக்கை ஒட்டி விரியும் தண்டவாளம்) வரை 40-ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் அச்சு இறுகி மேலே ஏறும். செக் ரயில், விங் ரயில் இருபக்கமும் சக்கர விளிம்பு போக 3 மி.மீ. சந்து விட்டால் 42 (45−3), 39 (45−6) என்று இரண்டும் சரியாக அமையும். ‘தாராளமாக இருக்கட்டும்’ என்று 5 மி.மீ. விட்டால் மூக்குக்கு 40தான் மிஞ்சும். செக் ரயில் இருந்தும் பயனில்லை. பெட்டிக்குப் பெட்டி சக்கர இடைவெளி மாறினால் எந்தப் பாயின்ட்டும் உதவாது. எல்லா அச்சையும் முதலில் ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள்.

இடம் போதவில்லை என்று நீளத்தைச் சுருக்குவது அடுத்த தவறு. 1-க்கு-6 கிராசிங் (மூக்கில் 6 நீளத்துக்கு 1 விலகுவது) என்றால் லீட், அதாவது பாதை பிரியத் தொடங்குவதிலிருந்து மூக்கு வரையுள்ள நீளம், 2×45×6 = 540 மி.மீ., வளைவின் ஆரம் ஏறத்தாழ 3.3 மீட்டர். இடமில்லையா? 1-க்கு-4 வையுங்கள்: 360 மி.மீ., ஆரம் 1.5 மீட்டர். ஆறுக்கான மூக்கை நாலுக்கான நீளத்தில் திணித்தால் பாதை ஓரிடத்தில் ஒடிந்து நிற்கும், நீண்ட எஞ்சின் அங்கேதான் தண்டவாளத்தை விட்டு இறங்கும்.

பலர் ஆசையாக டங் ரயிலில் (பாதையை மாற்ற நகரும் கூர்நுனித் தண்டவாளம்) தொடங்குகிறார்கள். வேண்டாம். நேர் ஸ்டாக் ரயில் (டங் வந்து சேரும், நகராத வெளித் தண்டவாளம்), மூக்கு, வளைந்த ஸ்டாக் ரயில், விங் ரயில், டங் ரயில், கடைசியில் செக் ரயில்: இதுதான் வரிசை. டங் நுனியை ஸ்டாக் ரயிலின் தலைமட்டத்துக்குச் சற்றுக் கீழே இறக்கி அராவுங்கள். திறந்த பக்கம் 5 மி.மீ.க்குக் குறைந்தால் சக்கரத்தின் முதுகு டங்கில் உரசக்கூடும். பாதையில் மின்சாரம் விடுவதானால் இரு டங்குகளையும் இணைக்கும் பட்டை ஃபைபராக இருக்கட்டும். இரும்புப் பட்டை ஷார்ட் ஆகும்.

பித்தளைத் தண்டவாளம் 40 டிகிரி சூடேறினால் மீட்டருக்கு முக்கால் மி.மீ. நீளும். மார்கழிக் காலையில் சந்து விடாமல் கோத்தது சித்திரை வெயிலில் நெளிந்துவிடும். மூட்டுக்கு ஒரு மி.மீ. விடுங்கள். தண்டவாளத்தின் அடியில் வைக்கும் தேக்குக் கட்டையில் துளை போடாமல் ஆணி அடித்தால் பிளக்கும்.

ஜல்லிக்கு நம் பக்கம் பஞ்சமில்லை. ஆனால் நிஜப் பாதையின் 50 மி.மீ. கல் 1:17-இல் 3 மி.மீ.தான். கிரஷர் பொடியைச் சலித்து எடுத்தால் போதும். டங் நகரும் இடத்தில் மட்டும் கொட்டவே வேண்டாம். ஒரு கல் சிக்கினாலும் நுனி சேராது.