நாட்டுக்காக விட்டுக்கொடுக்கச் சொல்லும் தலைவரை உரைத்துப் பார்ப்பது எப்படி?

என் அப்பா அரியலூருக்குப் பக்கத்தில் நகைப் பட்டறை வைத்திருந்த பத்தர், அதாவது பொற்கொல்லர். நகையைக் கொண்டுவந்தவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும், பொன்னின் தரம் காட்டும் உரைகல்லில் ஒரு கீற்று இழுத்துப் பார்த்த பிறகுதான் தராசைத் தொடுவார். நாட்டின் பெயரால் தியாகம் கேட்கும் தலைவர்களையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். கொடுக்கும்போது மனம் நிறைந்து கொடுக்க வேண்டும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

முதலில், கேட்பதற்கு முன் அவர் எதை விட்டிருக்கிறார் என்று பாருங்கள். நேரம் முழுவதையும் இதற்கே செலவிட்டாலும் தவறில்லை. 1956 நவம்பர் 23 அன்று அரியலூர் அருகே மருதையாற்றில் வெள்ளம் பெருகி, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். நான் அப்போது கைக்குழந்தை. ஆற்றங்கரைக்கு ஓடியவர்கள் சொன்னதைக் கேட்டே வளர்ந்தேன். ரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அதற்குச் சில மாதங்களுக்கு முன் மகபூப்நகர் ரயில் விபத்தின்போதே விலக முன்வந்தவர் அவர். அப்போது நேரு ஏற்கவில்லை.

ஒன்பது ஆண்டுகள் கழித்து, பிரதமரான அதே மனிதர், திங்கட்கிழமை இரவு உணவை விட்டுவிடுங்கள் என்று நாட்டைக் கேட்டார். முதலில் தம் வீட்டில் அதைச் செய்து பார்த்துவிட்டுத்தான் கேட்டார் என்பார்கள். அந்த ஆண்டு ஜனவரியில்தான் இந்தித் திணிப்பை எதிர்த்துத் தமிழ்நாடு கொதித்திருந்தது. எங்கள் தெருவிலும் அவருடைய ஆட்சி மீது கோபம் ஆறவில்லை. ஆனாலும் அப்பா திங்கள் இரவு இலை போட வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார். "நம்ம ஊர் ஆற்றுக்காகப் பதவியை விட்டவர் கேட்கிறார்" என்பது மட்டுமே அவர் சொன்ன காரணம்.

இன்று இதைப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. தேர்தலில் நிற்கும் ஒவ்வொருவரும் சொத்து, கடன், வழக்கு விவரங்களைப் படிவம் 26 என்ற பிரமாணப் பத்திரத்தில் தர வேண்டும். தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் அது கிடைக்கும். அடுத்தடுத்த இரண்டு தேர்தல்களின் பத்திரங்களை எடுத்து, சொத்துப் பக்கங்களை அருகருகே வைத்துப் படியுங்கள். அரை மணி நேர வேலை. சொத்து கூடியிருந்தாலே குற்றம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எப்படிக் கூடியது என்று கேளுங்கள்.

அடுத்தது அளவு. சாஸ்திரி கேட்டது வாரத்துக்கு ஒரு வேளை. பாகிஸ்தானுடன் போர் நடந்தது, மழை பொய்த்தது, பி.எல். 480 என்ற உணவு உதவித் திட்டத்தில் வரும் அமெரிக்கக் கோதுமைக் கப்பல்களை எதிர்பார்த்து நாடு நின்றது. எதை, எவ்வளவு, ஏன் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் புரிந்தது. உணவு அமைச்சர் சி. சுப்பிரமணியம் டெல்லியில் தம் பங்களாவின் புல்வெளியிலேயே புதிய ரகக் கோதுமையை விதைத்தார். பசியைப் பொறுக்கச் சொன்னவர்கள் பசி தீரவும் வழி தேடினார்கள். இந்த இரண்டும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது, சுமை யார் மீது விழுகிறது என்பது. இதை எழுதும்போது இன்றும் எனக்குத் தொண்டை அடைக்கிறது. 1962 சீனப் போரின்போது அம்மா தன் அரைச் சவரன் மோதிரத்தைக் கழற்றிப் பாதுகாப்பு நிதிக்குக் கொடுத்தாள். ஊரே கொடுத்தது. திராவிட நாடு கேட்டுக்கொண்டிருந்த தி.மு.க.வும் அந்த நேரத்தில் நாட்டின் பக்கம் நின்றது. இரண்டு மாதங்களுக்குள், 1963 ஜனவரியில், அரசின் தங்கக் கட்டுப்பாட்டு விதி வந்தது: 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யக் கூடாது. 22 காரட்டில் தாலி செய்து பழகிய ஊரில் 14 காரட்டை யார் வாங்குவார்கள்? பட்டறையில் உமி அடுப்பு அணைந்தது. அப்பா அரிசி மண்டியில் மூட்டைக் கணக்கு எழுதப் போனார். நாடெங்கும் பல பொற்கொல்லர்கள் உயிரையே மாய்த்துக்கொண்டார்கள்.

அம்மா கொடுத்தாள். அப்பாவிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். இரண்டையும் தியாகம் என்ற ஒரே சொல்லால் சொல்ல நான் சம்மதிக்க மாட்டேன். ஆகவே, ஒரு வேண்டுகோள் வந்தால் உங்கள் தெருவில் நடந்து பாருங்கள். எல்லார் தட்டிலும் ஒரு பிடி குறைகிறதா, அல்லது ஒரு வீட்டின் அடுப்பே அணைகிறதா? அணைகிறதென்றால், அந்த வீட்டுக்கு என்ன ஏற்பாடு என்று மனு எழுதிக் கேட்டுவிட்டு, பிறகு உங்கள் பங்கைக் கொடுங்கள்.

கொடுக்கும்போது ரசீது வாங்குங்கள். 1962-இல் தொடங்கிய தேசியப் பாதுகாப்பு நிதி இன்றும் இருக்கிறது. படைவீரர்கள், அவர்களின் குடும்பங்களின் நலனுக்குச் செலவாகிறது. டிசம்பர் 7 படைவீரர் கொடி நாளுக்கும் உங்கள் மாவட்டத்தில் நிதி திரட்டுவார்கள். தொகை, தேதி, யாரிடம் கொடுத்தோம் என்பதை ஒரு நோட்டில் எழுதி, ரசீதை அதே பக்கத்தில் ஒட்டுங்கள். அம்மாவின் மோதிர ரசீது, அப்பாவின் உரைகல்லோடு ஒரே தகரப் பெட்டியில் இன்னும் என்னிடம் இருக்கிறது.