ஹை பார் ஆட்டத்துக்கு நீங்களே மார்க் போட்டுப் பார்ப்பது எப்படி

2016 ரியோ ஒலிம்பிக், ஆடவர் ஜிம்னாஸ்டிக்ஸ் ஆல்-ரவுண்ட் (ஆறு கருவிகளின் மார்க்கையும் கூட்டிப் பார்ப்பது) இறுதிப்போட்டி. ஐந்து கருவிகள் முடிந்தபோது உக்ரைனின் ஒலெக் வெர்னியாயெவ், ஜப்பானின் கோஹெய் உச்சிமுராவைவிட 0.901 முன்னால் இருந்தார். மிச்சம் ஹை பார் எனும் உயரமான ஒற்றைக் கம்பி மட்டும். அதில் உச்சிமுரா 15.800, வெர்னியாயெவ் 14.800. மொத்தக் கணக்கு 92.365-க்கு 92.266. வித்தியாசம் 0.099. இறங்கும்போது கால் ஒரு சின்ன அடி நகர்ந்தாலே 0.1 போய்விடும் என்ற விதியோடு சேர்த்துப் பார்த்தால்தான் அந்த எண்ணின் கனம் புரியும். உச்சிமுரா 2009 முதல் 2015 வரை ஆறு உலக ஆல்-ரவுண்ட் பட்டங்களும், 2012, 2016 என இரண்டு ஒலிம்பிக் பட்டங்களும் வென்றவர். அவரை விளங்கிக்கொள்ள, பறப்பதைப் பார்த்து வாய் பிளப்பதைவிட மார்க் எங்கே ஒழுகுகிறது என்று பார்ப்பது நல்லது.

வேண்டியவை: நிறுத்தி நிறுத்திப் பார்க்கக்கூடிய வீடியோ, ஒரு தாள், பேனா. பக்கவாட்டிலிருந்து எடுத்த வீடியோவாகத் தேடுங்கள். எதிரிலிருந்து எடுத்ததில் கோணம் தெரியாது. தாளை இரண்டு பத்தியாகப் பிரித்து, இடது பக்கம் டி, வலது பக்கம் ஈ என்று எழுதிக்கொள்ளுங்கள். டி என்பது ஆட்டத்தின் கடினம். ஈ என்பது செய்த விதம். அது 10-இல் தொடங்கிக் கீழே இறங்கும். இரண்டையும் கூட்டினால் மார்க். திரையில் ஸ்கோர் வரும் இடத்தை முதலிலேயே கையால் மறைத்துக்கொள்ளுங்கள். தெரிந்த எண்ணுக்கு ஏற்றபடி கண் தவறு தேடும், அல்லது மன்னிக்கும்.

முதல் சுற்றில் டி மட்டும். ஒவ்வொரு வித்தைக்கும் ஓர் எழுத்து உண்டு: ஏ 0.1, பி 0.2, சி 0.3 என்று ஏறும். எச் வந்தால் 0.8. ரியோ காலத்தில் இறக்கத்தையும் சேர்த்துப் பத்து வித்தைகள் கணக்கில் வந்தன. 2025-இலிருந்து சீனியர் ஆண்களுக்கு எட்டு. பழைய வீடியோவைப் புதிய விதியில் எண்ணிக் குழம்புபவர்கள் நிறைய, எனவே ஆண்டைப் பார்த்துவிட்டு எண்ணுங்கள். இதோடு வித்தைப் பிரிவு (ஒரே வகை வித்தைகளின் தொகுப்பு) ஒன்றுக்கு அதிகபட்சம் 0.5, இப்போது நான்கு பிரிவுகள், இறக்கமும் அதில் ஒன்று. கடினமான வித்தைகளை இடைவெளியில்லாமல் கோர்த்தால் 0.1 அல்லது 0.2 கூடுதல். உதாரணமாக ஒரு ஜி, ஓர் எஃப், இரண்டு ஈ, நான்கு டி (இங்கே ஈ, டி என்பவை வித்தைகளின் எழுத்துகள், தாளின் பத்திகள் அல்ல) என்றால் 0.7 + 0.6 + 1.0 + 1.6 = 3.9. பிரிவுகளுக்கு 2.0, கோர்வைக்கு 0.1. டி ஸ்கோர் 6.0.

எழுத்து மனப்பாடம் இல்லாவிட்டால் கவலை வேண்டாம். முதலில் கம்பியை விட்டுப் பறக்கும் வித்தைகளை அடையாளம் காணுங்கள். உடல் கம்பிக்கு மேலே பின்னோக்கி நகர, சுழற்சி மட்டும் எதிர்த்திசையில் போனால் ட்காச்செவ். கம்பிக்கு மேல் இரண்டு பின்குட்டிக்கரணம் அடித்துத் திரும்பப் பிடித்தால் கோவாக்ஸ். அதிலேயே ஒரு முழுத் திருகல் சேர்ந்தால் கோல்மன். கோல்மனை உடம்பை நீட்டியபடி செய்தால் கஸ்ஸீனா. கோவாக்ஸிலேயே இரண்டு திருகல் என்றால் பிரெட்ஷ்னைடர். ஹை பாரில் அதிகம் கேட்கும் பெயர்கள் இவைதான்.

இரண்டாம் சுற்றுதான் உண்மையான வேலை. வலது பத்தியில் பிடித்தங்களை, அதாவது கழிக்க வேண்டிய மார்க்கை, எழுதுங்கள்: சிறு தவறு 0.1, நடுத்தரம் 0.3, பெரிது 0.5, விழுந்தால் 1.0. பார்க்க வேண்டிய முதல் இடம் ஹேண்ட்ஸ்டாண்ட். கம்பியின் மேல் தலைகீழாக நின்று திரும்பும் ஒவ்வொரு முறையும் திருப்பம் எங்கே முடிகிறது என்று வீடியோவை நிறுத்துங்கள். கம்பியைத் தாங்கும் தூண்தான் உங்கள் செங்குத்துக் கோடு. கடிகாரத்தில் 12-க்கும் 1-க்கும் இடையே 30 டிகிரி. அதில் பாதி 15. உடல் 15 டிகிரிக்குள் நின்றால் பிடித்தமில்லை. 16 முதல் 30 வரை 0.1, 31 முதல் 45 வரை 0.3. 45-ஐத் தாண்டினால் 0.5 போவதோடு வித்தையே கணக்கில் வராது. அதாவது இடது பத்தியிலும் ஒரு கோடு அடிக்க வேண்டும். பறக்கும் வித்தையைக் கைதட்டிப் பார்ப்பவர்கள் இந்தத் திருப்பங்களைக் கவனிப்பதே இல்லை. ஆனால் ஓர் ஆட்டத்தில் நான்கைந்து திருப்பம் இருந்தால், சத்தமே இல்லாமல் அரை மார்க் போவது இங்கேதான். வீரரே கவிழ்வதும் உண்டு. 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக் தகுதிச்சுற்றில் உச்சிமுரா பிரெட்ஷ்னைடர் போன்ற பயங்கர வித்தைகளையெல்லாம் முடித்துவிட்டு, ஒரு திருப்பத்தில்தான் கம்பியை விட்டு விழுந்தார்.

அடுத்து, பிடிக்கும் நொடி. கை நீண்டிருந்தால் நல்ல பிடி. முழங்கை மடங்கினால் உடல் கம்பிக்கு மிக அருகே வந்துவிட்டது என்று பொருள், அதற்குப் பிடித்தம். அதன் விளைவு அடுத்த சுழற்சியிலும் தெரியும்: வேகம் செத்து, அடுத்த ஹேண்ட்ஸ்டாண்ட் குறைவாக நிற்கும். எனவே ஒரு மோசமான பிடியைக் கண்டால் அடுத்த வித்தையையும் சந்தேகப்படுங்கள். திருகும்போது கால்கள் குறுக்கே போவது, முழங்கால் மடங்குவது, பாதம் நீளாமல் இருப்பது எல்லாம் தனித்தனிக் கணக்கு.

இறக்கத்தில் காலை மட்டும் பாருங்கள். சின்ன அடி அல்லது துள்ளல் 0.1, தோள் அகலத்தைத் தாண்டிய அடி 0.3, கை தரையில் பட்டால் 0.5. ரியோவில் உச்சிமுரா இறங்கியதை முழு வேகத்தில் ஒருமுறை, அரை வேகத்தில் ஒருமுறை பாருங்கள்.

மெதுவாக ஓட்டுவதில் ஒரு கேடு உண்டு. நடுவர்கள் ஒருமுறைதான், அதுவும் நிஜ வேகத்தில் பார்க்கிறார்கள். மெதுவான வீடியோவில் எல்லாக் காலும் வளைந்தே தெரியும். தவறைக் கண்டுபிடிக்க மெதுவாக ஓட்டுங்கள். பிடித்தம் போட நிஜ வேகத்துக்குத் திரும்புங்கள். நிஜ வேகத்தில் கண்ணில் படாததை அடித்துவிடுங்கள். ஆரம்பத்தில் உங்கள் ஈ ஸ்கோர் 9-க்கு மேல் வந்தால் பெரும்பாலும் ஹேண்ட்ஸ்டாண்டை விட்டிருப்பீர்கள். 7-க்குக் கீழே போனால் மெதுவான வீடியோவின் வேலை. பல நடுவர்களின் எண்களில் மேலும் கீழும் உள்ளதை நீக்கிச் சராசரி எடுப்பதால், 0.2 அல்லது 0.3 வித்தியாசம் வந்தாலும் நீங்கள் நன்றாகவே பார்த்திருக்கிறீர்கள்.

டி-யில் அப்படியல்ல. அங்கே வித்தியாசம் வந்தால் ஏதோ ஒரு வித்தையை நீங்களோ அவர்களோ ஏற்கவில்லை. வித்தியாசம் 0.5-க்கு மேல் என்றால் முதலில் இறக்கத்தைச் சந்தேகியுங்கள், ஏனென்றால் அது போனால் பிரிவு மார்க்கும் சேர்ந்து போகும். 2012 லண்டன் அணி இறுதிப்போட்டியில் நடந்தது இதுதான்: பாமல் ஹார்ஸ் எனும் கைப்பிடி வைத்த குதிரைக் கருவியில் உச்சிமுராவின் இறக்கம் முதலில் ஏற்கப்படவில்லை. ஜப்பான் முறையிட்டபின் 13.466 என்பது 14.166 ஆனது. நான்காம் இடத்திலிருந்த ஜப்பான் வெள்ளிக்கு ஏறியது. பிரிட்டன் வெண்கலத்துக்கு இறங்கியது. உக்ரைன் பதக்கத்தை இழந்தது. முறையீடு டி ஸ்கோருக்கு மட்டும்தான். ஈ ஸ்கோரை யாரும் கேள்வி கேட்க முடியாது.