எடை ஏறிவிட்டதே என்று தட்டைக் குறைக்காதீர்கள்

உடற்பயிற்சி ஆரம்பித்து, கூடவே இரண்டு முட்டையும் ஒரு கரண்டி சோறும் அதிகம் சாப்பிட்ட முதல் வாரத்திலேயே எடை ஒன்றரை கிலோ ஏறிவிட்டதா? அவ்வளவும் கொழுப்பு இல்லை. சோறு மாதிரி மாவுச்சத்தைத் தசை கிளைகோஜன் என்ற சர்க்கரையாகச் சேமிக்கும்; அப்படிச் சேரும் 1 கிராம் கிளைகோஜனோடு சுமார் 3 கிராம் தண்ணீரும் தங்கும். பயிற்சியில் வலி கண்ட தசையிலும் நீர் கோக்கும். முந்தின ராத்திரி ஊறுகாய், அப்பளம் என்று வெளுத்துக்கட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம், அந்த உப்பும் நீரைப் பிடித்துவைக்கும்.

காலையில் கழிவறை போய்வந்து, காபிக்கு முன்னால் எடை பாருங்கள். மெஷின் வெறும் தரையில் இருக்கட்டும். பாய்மேல் வைத்தால் தப்பாகக் காட்டும். 7 நாள் சராசரியை மட்டும் போன வாரத்தோடு ஒப்பிடுங்கள். அப்புறம், தொப்புள் மட்டத்தில் தையல் டேப்பால் ஓர் அளவு. எனக்கு முள் அசையாத மாதத்தில்தான் பேண்ட் தொளதொளத்தது. கால் வீக்கம், மூச்சுவாங்கல் என்றால் அது வேறு கதை, டாக்டரைப் பாருங்கள்.