விஷமோ என்று சந்தேகம் வந்தால் சட்டியைக் கழுவாதீர்கள்

சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் ஒருத்தருக்கு உதடு மரத்து நாக்கு குழறினால் முதலில் 108, மற்றதெல்லாம் அப்புறம். பாம்பன், தொண்டி பக்கம் என்றால் உடனே கேளுங்கள், குழம்பில் பேத்தை மீன் கிடந்ததா? அதன் ஈரலிலும் சினையிலும் இருக்கிற டெட்ரோடாக்சின் என்ற விஷம் கொதிக்க வைத்தாலும் போகாது, முறிவு மருந்தும் கிடையாது, மூச்சு முடங்கும்போது வென்டிலேட்டர்தான் உயிரைப் பிடித்து வைக்கும். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கவே வைக்காதீர்கள், அதுவே ஆளைக் கொன்றுவிடலாம்.

ஆளை ஏற்றி அனுப்பியதும் வீட்டில் நிற்பவர்கள் பதற்றத்தில் சட்டியைத் தேய்த்து, வாந்தியைக் கழுவி விட்டுவிடுகிறார்கள். இதை நினைத்தாலே எனக்கு மனசு வலிக்கும். மிச்சக் குழம்பு, குப்பையில் போட்ட மீன் தலை, குடல் எல்லாவற்றையும் தனித்தனியாகச் சுத்தமான மூடி போட்ட பாட்டிலில் போட்டு ஐஸ் பெட்டியில் வையுங்கள். பூச்சி மருந்து பாட்டிலோ எலி பேஸ்ட் டியூபோ கிடந்தால் லேபிளோடு டாக்டரிடம் கொடுங்கள். வாந்தி பட்ட துணியைத் துவைக்காதீர்கள்.

தடயம் கெட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய கதை ஒன்று உண்டு. 1832இல் இங்கிலாந்தில் தாத்தாவுக்குக் காபியில் ஆர்சனிக் வைத்ததாக ஒரு வழக்கு. ஜேம்ஸ் மார்ஷ் என்ற வேதியியலாளர் விஷத்தைக் கண்டுபிடித்துவிட்டார், ஆனால் சோதனையில் அவருக்குக் கிடைத்த மஞ்சள் படிவு ஜூரியிடம் போய்ச் சேர்வதற்குள் கெட்டுவிட்டது, குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலை. அந்த ஆதங்கத்தில்தான் 1836இல் அழியாத கறையாக ஆர்சனிக்கைக் காட்டும் சோதனையைக் கொண்டுவந்தார். நம்ம சென்னையிலும் 1849லேயே அரசு ரசாயனப் பரிசோதனைக் கூடம் வந்துவிட்டது.

உயிர் போய்விட்டால் போலீசுக்குச் சொல்லி, அடக்கத்துக்கு முன்னால் பிரேதப் பரிசோதனை நடக்கட்டும். அன்றைக்கே அடக்கம் செய்யும் அவசரம் புரிகிறது, ஆனாலும் பொறுங்கள். இரைப்பை, சிறுகுடல், ஈரல், சிறுநீரகத் துண்டுகளை எடுத்து, அடியில் உப்பு தங்குமளவுக்குக் கரைத்த உப்புக் கரைசலில் போட்டு சீல் வைப்பார்கள். வாலிநோக்கம் உப்பளத்தைப் பார்த்து வளர்ந்த நமக்கு உப்பு எப்படிக் காக்கும் என்று சொல்லத் தேவையில்லை. வெறும் கரைசலும் ஒரு பாட்டில் தனியாகப் போகும், விஷம் உப்பிலிருந்தே வரவில்லை என்று காட்ட. ஆசிட் குடித்த சந்தேகம் என்றால் பெரும்பாலும் உப்புக் கரைசலுக்குப் பதில் ஸ்பிரிட்.

விசரா, அதாவது இந்த உள்ளுறுப்புத் துண்டுகள், எடுத்தார்களா, எந்தத் தேதியில் ஆய்வகத்துக்குப் போனது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். என்ன சாப்பிட்டார், எத்தனை மணிக்கு, முதலில் எங்கே மரத்தது என்பதையும் எழுதிக் கொடுங்கள். பேத்தை மீன் என்று யாரும் சொல்லாவிட்டால், பூச்சி மருந்துக்கும் தூக்க மாத்திரைக்கும் செய்கிற வழக்கமான சோதனைகளில் அந்த விஷம் சிக்காது.